லோரிக்கு அடியில் மியூ

1996 பிப்ரவரி 27 அன்று ஜப்பானில் ‘போக்கிமான்’ விளையாட்டு, சிவப்பு, பச்சை என இரண்டு பதிப்புகளாக கேம் பாய் கருவிக்கு வெளிவந்தது. 150 உயிரினங்களைத் தேடிப் பிடித்துத் தொகுப்பதுதான் ஆட்டம். ஆனால் கார்ட்ரிட்ஜுக்குள் 151 உயிரினங்கள் இருந்தன. கூடுதலாக இருந்த அந்த ஒன்றின் பெயர் மியூ. எந்தக் குகைக்குள் போனாலும், எந்தப் புல்வெளியில் எத்தனை மணி நேரம் நடந்தாலும் அது எதிரே வராது. வருவதற்கான வழியே ஆட்டத்தில் எழுதப்படவில்லை.

போக்கிமானைப் பற்றிப் பேசினால் எல்லாரும் பிக்காச்சூவில்தான் தொடங்குவார்கள். எனக்கு மியூதான் முக்கியமாகப் படுகிறது. அரிய உயிரினம் ஒன்றைத் தேடிப்போவது என்றால் என்ன, அது யாருக்குக் கிடைக்கும், கிடைக்காதவர்கள் என்ன செய்வார்கள் என்ற கேள்விகளுக்கு இந்த விளையாட்டு முப்பது வருடங்களாகச் சொல்லிவந்த பதில்கள் எல்லாம் மியூவைச் சுற்றியே இருக்கின்றன.

முதலில் கொஞ்சம் பூச்சிகளைப் பற்றிப் பேச வேண்டும். விளையாட்டை உருவாக்கிய சத்தோஷி தாஜிரி 1965இல் பிறந்தவர். தோக்கியோவின் புறநகரான மாச்சிடாவில் வளர்ந்தார். சிறுவயதில் வயலிலும் குட்டைக்கரையிலும் பூச்சி பிடிப்பதுதான் அவருக்கு வேலை. அவர் வளர வளர அந்த வயல்களும் குட்டைகளும் கட்டடங்களுக்கு அடியில் போய்விட்டன. பின்னர் கேம் பாய் வந்தபோது, இரண்டு கருவிகளை இணைக்கும் கேபிளைப் பார்த்து, அதற்குள் பூச்சிகள் ஊர்ந்து போவதைக் கற்பனை செய்தார் என்பது அவரே பல நேர்காணல்களில் சொன்ன விஷயம். 1990இல் தொடங்கிய வேலை முடிய ஆறு வருடமாயிற்று. சிவப்பில் கிடைக்கும் சில உயிரினங்கள் பச்சையில் கிடைக்காது, பச்சையில் உள்ள சில சிவப்பில் இருக்காது. தொகுப்பை முடிக்க வேண்டுமானால் இன்னொரு பிள்ளையிடம் போய்ப் பேசியே ஆக வேண்டும்.

இதற்கு மேல் இன்னொரு வகை அரிதும் இருந்தது. ஆட்டம் முழுவதிலும் ஒன்றே ஒன்று மட்டும் உள்ள உயிரினங்கள். பனிக்குகையில் ஆர்ட்டிகூனோ, கைவிடப்பட்ட மின்நிலையத்தில் ஜாப்டோஸ், மலைப்பாதையில் மோல்ட்ரெஸ் என்று மூன்று பறவைகள். அவற்றின் ஆங்கிலப் பெயர்களின் வால்களைப் பாருங்கள்: ஊனோ, டோஸ், ட்ரெஸ். ஸ்பானிய மொழியில் ஒன்று, இரண்டு, மூன்று. இவற்றுக்கும் மேலே, கடைசிக் குகையின் அடியாழத்தில் மியூடூ.

இவற்றைப் பிடிப்பது ஏன் அவ்வளவு கஷ்டம் என்பதற்கு ஓர் எண் இருக்கிறது. ஒவ்வொரு உயிரினத்துக்கும் ‘பிடிபடும் விகிதம்’ என்று ஒன்று உண்டு. உச்சம் 255. வழியெல்லாம் பறந்து திரியும் பிட்ஜிக்கு 255. மூன்று பறவைகளுக்கும் மியூடூவுக்கும் வெறும் 3. அடித்து அடித்து உயிரைச் சிவப்புக் கோடு வரை இறக்க வேண்டும். தூங்க வைக்க வேண்டும் அல்லது உறைய வைக்க வேண்டும். அப்புறம் அல்ட்ரா பாலை ஒன்றன்பின் ஒன்றாக வீச வேண்டும். ஓர் அடி கூடிப்போய் அது மயங்கி விழுந்தால் அவ்வளவுதான், அந்த ஆட்டத்தில் அது திரும்ப வராது. அதனால் எதிரே போய் நிற்கும் முன் சேமித்துவிடுவது என்பது எழுதப்படாத சட்டமாக இருந்தது. தவறாமல் பிடிக்கும் மாஸ்டர் பால் ஒன்றே ஒன்றுதான் கிடைக்கும். அதை ஜாப்டோஸுக்குச் செலவழிப்பதா, மியூடூ வரை பத்திரமாக வைத்திருப்பதா என்பது எங்கள் பள்ளி கேண்டீனில் ஓய்வு நேரம் முழுவதையும் விழுங்கக்கூடிய விவாதம்.

இந்த அரிதில் ஒரு நியாயம் இருந்தது. கடினம்தான், ஆனால் கார்ட்ரிட்ஜ் வைத்திருக்கிற எல்லாருக்கும் அதே குகை, அதே 3. ஓசாக்காவில் இருக்கிற பிள்ளைக்கும் ஈப்போவில் இருக்கிற பிள்ளைக்கும் ஒரே கதவு. பொறுமை இருந்தால் திறக்கும்.

மியூவின் கதவு அப்படி இல்லை.

விளையாட்டு கிட்டத்தட்ட முடிந்த நிலையில், சோதனைக்காக வைத்திருந்த நிரல் பகுதிகளை நீக்கினார்கள். அதில் சுமார் 300 பைட் இடம் காலியானது. நிரலாளர்களில் ஒருவரான ஷிகேகி மோரிமோத்தோ அந்த இடத்தில் ஓர் உயிரினத்தைப் பொருத்திவைத்தார். அந்தக் கட்டத்தில் எதையும் தொடக் கூடாது என்பதுதான் விதி. குறும்பாகச் செய்தோம் என்று அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். 300 பைட் என்றால் எவ்வளவு? தமிழில் இரண்டு மூன்று வரி குறுஞ்செய்தி அனுப்பினாலே அதைத் தாண்டிவிடும்.

ஆட்டத்துக்குள் மியூவின் உருவம் இல்லையே தவிர, நிழல் இருந்தது. எரிமலைத் தீவில் பாழடைந்த மாளிகை ஒன்று வரும். அதற்குள் ஆங்காங்கே நாட்குறிப்புகள் கிடக்கும். தென் அமெரிக்காவின் கயானா காட்டுக்குள் புதிய உயிரினம் ஒன்றைக் கண்டுபிடித்ததாகவும், அதற்கு மியூ என்று பெயரிட்டதாகவும், அது ஒரு குட்டி ஈன்றதாகவும், அந்தக் குட்டிதான் மியூடூ என்றும் அவற்றில் எழுதியிருக்கும். கற்பனை நகரங்களாகவே வருகிற ஓர் ஆட்டத்தில் திடீரென்று உலக வரைபடத்தில் உள்ள நாட்டின் பெயர். படிக்கிற பிள்ளைக்கு என்ன தோன்றும்? தாய் எங்கோ இருக்கிறாள் என்றுதான் தோன்றும்.

வெளிவந்த சில வாரங்களிலேயே ‘கோரோகோரோ காமிக்’ என்ற சிறுவர் இதழ் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. தேர்ந்தெடுக்கப்படும் 20 பேருக்கு மியூ தரப்படும். 78,000க்கும் மேற்பட்டவர்கள் விண்ணப்பித்தார்கள். அதுவரை மந்தமாக விற்றுக்கொண்டிருந்த விளையாட்டு அதன் பிறகு சூடுபிடித்தது. ஒரு பொருள் இல்லாமல் இருப்பதையே விற்க முடியும் என்று நிறுவனம் கண்டுகொண்ட தருணம் இது என்று நினைக்கிறேன். இதன் பின் போக்கிமானில் இரண்டு வகை அரிது உண்டாயிற்று. ஒன்று குகைக்குள் இருப்பது. இன்னொன்று நாட்காட்டியிலும் ஊரிலும் இருப்பது. குறிப்பிட்ட நாளில் குறிப்பிட்ட நகரத்தில் நீங்கள் இருந்தால் கிடைக்கும், இல்லாவிட்டால் இல்லை. ஜப்பானில், அமெரிக்காவில், ஐரோப்பாவில் மியூவை விநியோகிக்கும் நிகழ்ச்சிகள் நடந்தன. நான் பள்ளியில் படித்த காலத்தில் எங்கள் ஊருக்கு அப்படி எதுவும் வரவில்லை. எங்களுக்கு வந்தது பாசார் மாலாமில் விற்ற நகல் கார்ட்ரிட்ஜ்தான். கூடவே ஒரு கதையும் வந்தது.

“டேய், கப்பல் கெளம்புற எடத்துல ஒரு லோரி நிக்கும்டா. ஸ்ட்ரெங்த் போட்டு அத தள்ளுனா அடியில மியூ இருக்கு. சத்தியமா லா. என் மச்சான் புடிச்சிட்டான்.”

இணையம் வீட்டுக்கு வீடு வராத காலத்தில் உலகம் முழுக்கப் பரவிய கதை இது. அமெரிக்கப் பிள்ளைகளும் இதையே சொன்னார்கள், ஆஸ்திரேலியப் பிள்ளைகளும் இதையே சொன்னார்கள். எல்லாருக்கும் எங்கோ ஒரு மச்சான் இருந்தான். ஏன் லோரி? ஆட்டம் முழுவதிலும் லோரி என்று ஒரே ஒன்றுதான் இருக்கிறது. வெர்மிலியன் நகரத் துறைமுகத்தில், எஸ்.எஸ். ஆன் கப்பல் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில், எந்தக் காரணமும் இல்லாமல் நிற்கிறது. நீந்திப் போகும் திறன் கிடைப்பதற்கு முன்பே வழக்கமாகக் கப்பல் கிளம்பிவிடும். பிறகு துறைமுகத்துக்குள் நுழைய முடியாது. சுற்றுவழியில் சில தந்திரங்கள் செய்தால் மட்டுமே லோரி வரை போகலாம். எட்டாத இடத்தில், காரணமில்லாமல் ஒரு பொருள். பிள்ளைகள் அதை ஒரு துப்பாகப் படித்தார்கள். அது ஒழுங்கான வாசிப்புதான்.

கதையின் கட்டமைப்பும் உறுதியானது. தள்ளிப் பார்த்தேன், நகரவில்லை என்று ஒருவன் சொன்னால் உடனே பதில் வரும்: “நீ கப்பலுக்குள்ள ஏறிட்டல்ல? அதான்.” வேண்டுதல் பலிக்காவிட்டால் விரதத்தில் குறை என்று பாட்டிகள் சொல்வது போலத்தான். சோதித்துப் பார்க்க ஆட்டத்தை முதலிலிருந்து தொடங்க வேண்டும், மணிக்கணக்கில் ஆடிய சேமிப்பை அழிக்க வேண்டும். அழித்தவர்கள் இருந்தார்கள். லோரி நகரவே இல்லை. அதன் அடியில் எதுவும் இல்லை.

இங்கேதான் வரலாறு ஒரு திருப்பம் எடுக்கிறது. 2003இல் ஒரு பிழை இணையத்தில் பரவலாகத் தெரியவந்தது. தொலைவிலிருந்தே நம்மைப் பார்த்துச் சண்டைக்கு வரும் பயிற்சியாளர் ஒருவர் திரையில் தெரியும் அதே நொடியில் மெனுவைத் திறந்து, வேறு நகரத்துக்குப் பறந்துவிட வேண்டும். நாம் சண்டைக்குள் இருக்கிறோம் என்று ஆட்டம் குழம்பிப்போகும். பிறகு ஒரு குறிப்பிட்ட சிறுவனின் ஸ்லோபோக்கோடு மோத வேண்டும். அதன் ‘ஸ்பெஷல்’ மதிப்பு 21. தப்பித்து வந்த பாதைக்கே திரும்பிப் போனால், மெனு தானாகத் திறக்கும். மூடினால் சண்டை தொடங்கும். எந்த உயிரினம் வர வேண்டும் என்பதற்கு, கடைசியாக மோதிய உயிரினத்தின் அந்த 21ஐயே ஆட்டம் எடுத்துக்கொள்ளும். உள்பட்டியலில் 21 என்பது மியூவின் எண்.

ஏழாம் நிலையில், வாலை ஆட்டிக்கொண்டு, மியூ வந்து நிற்கும்.

அதாவது அது எல்லாக் கார்ட்ரிட்ஜிலும் இருந்தது. 20 பேருக்குப் பரிசாகத் தரப்பட்டது மற்ற 78,000 பேரின் கையிலும் ஏற்கெனவே இருந்தது. லோரி என்ற இடம் பொய். உள்ளே இருக்கிறது என்ற நம்பிக்கை உண்மை. எங்கள் கேண்டீன் கதை பாதி சரி. அதிகாரபூர்வ அறிவிப்புகளைவிட, மச்சான் பெயரால் சத்தியம் செய்த பையன்கள் உண்மைக்குக் கொஞ்சம் பக்கத்தில் நின்றிருக்கிறார்கள் என்பது எனக்கு இன்றும் சந்தோஷம் தருகிறது.

பின்வந்த ஆட்டங்கள் இரண்டு வகை அரிதையும் வளர்த்துக்கொண்டே போயின. 1999இல் வந்த தங்கம், வெள்ளி பதிப்புகளில் ராய்க்கூ, எண்டெய், சூய்க்கூன் என்ற மூன்றும் எரிந்துபோன கோபுரத்திலிருந்து பாய்ந்தோடி நாடெங்கும் அலைந்தன. பார்த்த மறுகணம் ஓடிவிடும். 2002இன் ரூபி, சஃபையரில் மூன்று பாறைக் குகைகளின் சுவர்களில் பிரெயில் எழுத்து. அதைப் படித்து, ஓர் இடத்தில் இரண்டு நிமிடம் அசையாமல் நிற்க வேண்டும். அந்தப் பிரெயிலைப் படிக்க உதவும் அட்டவணை பெட்டியோடு வரும் கையேட்டில் இருந்தது. நகல் கார்ட்ரிட்ஜுக்கு ஏது பெட்டி, ஏது கையேடு? எனக்குப் பிரெயில் எழுத்துகள் சில தெரிந்தது நூலகத்துக் கலைக்களஞ்சியத்தால்தான். விளையாட்டுக்காக ஒரு பையன் தடித்த புத்தகத்தைப் புரட்டுவதைப் பார்த்து நூலகர் மகிழ்ந்துபோனார்.

மறுபக்கம், நாட்காட்டி அரிதும் இறுகியது. காட்டுக் கோயிலில் செலபியைச் சந்திக்கும் நிகழ்வு, ஜப்பானில் கைத்தொலைபேசி வழி இணைந்தவர்களுக்கு மட்டும் கிடைத்தது. வெளிநாட்டுப் பதிப்புகளில் கோயில் இருந்தது, செலபி வரவில்லை. எல்லாவற்றையும் படைத்ததாகச் சொல்லப்படும் ஆர்சியஸைச் சந்திக்க ஒரு புல்லாங்குழல் வேண்டும். 2006இல் வந்த ஆட்டத்துக்குள் அந்தக் குழலும் காட்சியும் முழுதாக எழுதப்பட்டிருந்தும், குழல் யாருக்குமே வழங்கப்படவில்லை. அந்த ஆட்டத்தின் மறுஆக்கத்தில், 2022இல்தான் அது கைக்கு வந்தது.

2016 ஆகஸ்ட் 6 அன்று ‘போக்கிமான் கோ’ மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்கும் வந்தபோது, குகை என்பது நம் தெருவாகிவிட்டது. சிங்கப்பூரில் ஹவ்காங் 401ஆம் புளோக்கின் கீழே இரவெல்லாம் கூட்டம் நின்றது. குடியிருப்பாளர்கள் சத்தம் தாங்காமல் புகார் சொன்னார்கள். அடுத்த ஆண்டு ஜூலை 22 அன்று சிக்காகோவில் பெரிய விழா எடுத்தார்கள். தொலைபேசி இணைப்பு படுத்துவிட்டது. வந்தவர்களுக்கு டிக்கெட் பணத்தைத் திருப்பிக் கொடுத்து, லூகியா என்ற அரிய பறவையையும் கொடுத்தார்கள். அதோடு உலகெங்கும் இத்தகைய அரிய உயிரினங்களுக்கான ‘ரெய்டு’ தொடங்கியது: குறித்த இடத்தில், குறித்த நேரத்துக்குள், 20 பேர் வரை சேர்ந்து அடித்து, எண்ணிக் கொடுத்த பந்துகளால் பிடிக்க வேண்டும்.

இதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. புளோக்குக்குக் கீழே ஐம்பது வயது அங்கிளும் பள்ளிச் சீருடைப் பிள்ளையும் “எத்தன பேரு இருக்கோம்? பத்துமா?” என்று கேட்டுக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். தாஜிரி கேபிளில் கண்ட கற்பனை அதுதான். ஆர்ட்டிகூனோ ஒசாக்காவுக்கு வரும் அதே காலத்தில் செராங்கூனுக்கும் வருகிறது. 2018இல் மியூவையே, சில வேலைகளை முடிக்கிற எல்லாருக்கும் ஆளுக்கு ஒன்று என்று கொடுத்துவிட்டார்கள். எங்களுக்கு மூடியிருந்த கதவு திறந்துவிட்டது. அதே சமயம் இன்று ஒரு பையன் இன்னொருவனிடம் சத்தியம் செய்து சொல்ல வேண்டிய தேவை இல்லை. எங்கே, எப்போது, எத்தனை மணிக்கு என்று அறிவிப்பு வந்துவிடுகிறது. நியாயம் வந்த வழியிலேயே கதை வெளியேறியிருக்கிறது. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடு என்றால் நியாயத்தைத்தான் எடுப்பேன். ஆனால் எடுக்கும்போது எதைக் கீழே வைக்கிறோம் என்று தெரிந்து வைப்பது நல்லது.

ஆட்டத்தை உருவாக்கியவர்களுக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். 2004இல் முதல் ஆட்டத்தை ‘ஃபயர் ரெட்’, ‘லீஃப் கிரீன்’ என்று புதுப்பித்தபோது, துறைமுகத்து லோரியை அதே இடத்தில் நிறுத்தினார்கள். இப்போதும் நகராது. மியூவும் இல்லை. ஆனால் மெனக்கெட்டு அங்கே வரை போகிறவர்களுக்காக லோரிக்குப் பக்கத்தில் ஒரு பொருளை வைத்திருந்தார்கள். ஒரு லாவா பிஸ்கட்.