எல்ல பாரில் ஒரு ரொக் இரவும் நம்ம பெரட்டுத் தப்பும்

போன மாதம் ஒரு சனிக்கிழமை ராத்திரி நாங்க நாலு பேர் எல்ல டவுனில் ஒரு பாருக்குப் போனோம். வாசலில் லைவ் ரொக் இசை என்று போர்டு வைத்திருந்தார்கள். உள்ளே பெரும்பாலும் வெள்ளைக்காரப் பயணிகள். மேடையில் மூன்று சிங்களப் பையன்கள் கிட்டார், பேஸ், டிரம்ஸோடு நின்றார்கள். பியர் விலையைப் பார்த்ததும் அம்மாமார் மலையில் நின்று வாங்கும் அரைப்பேர் சம்பளம்தான் ஞாபகம் வந்தது. இரண்டு போத்தல் எடுத்து நாலு பேரும் பங்கு போட்டோம்.

கொண்டுவந்து வைத்தவர் எங்களில் ஒருவரின் லயத்து அண்ணன். "நீங்க எங்க தங்கச்சி இங்க? வீட்டுக்குத் தெரியுமா?" என்று கேட்டார். எங்களில் இரண்டு பேர் பெண்கள். அவர்களிடம் மட்டும்தான் அந்தக் கேள்வி. பையன்கள் இருவரையும் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார்.

அவரைக் குறை சொல்ல வரவில்லை. ஆனால் அந்த ராத்திரி முழுக்க ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. இந்த இடம் நமக்கு உரியது இல்லையோ? தோட்டத்துப் பிள்ளைகள் இங்கே தட்டு ஏந்தி நிற்கலாம், உட்கார்ந்து கேட்கக் கூடாதோ? வீட்டுக்கு வந்து இந்த இசை எங்கிருந்து வந்தது என்று தேடிப் படித்தோம். கிடைத்த பதில் எங்களையே ஆச்சரியப்படுத்தியது. ரொக் இசையின் வேர் ஒரு தோட்டத்தில் இருக்கிறது.

அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் பருத்தித் தோட்டங்கள். அடிமை முறை ஒழிந்த பிறகும் கறுப்பின மக்கள் அதே நிலத்தில் பங்கு விவசாயிகளாக வேலை செய்தார்கள். விதைக்குக் கடன், சாப்பாட்டுக்குக் கடன், வருசக் கடைசியில் கணக்குப் பார்த்தால் மிச்சம் கடன்தான். இதைப் படிக்கும்போது நமக்குத் துண்டு முறை ஞாபகம் வராமல் இருக்காது. ஒரு தொழிலாளியின் கடன் எவ்வளவு, அதைக் கட்டினால் விடுவிக்கலாம் என்று தோட்டம் எழுதிக்கொடுக்கும் சீட்டுதான் துண்டு. அந்தக் கடனைச் சுமந்துகொண்டுதான் நம்ம பாட்டன்மார் ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குப் போனார்கள். 1921இல்தான் சட்டம் அதை ஒழித்தது.

அந்தப் பருத்தித் தோட்டத்து ஆட்கள் சனிக்கிழமை ராத்திரியில் கூடுவதற்குச் சின்னச் சின்னக் குடில்கள் இருந்தன. அங்கே குடி, ஆட்டம், கிட்டார். அங்கே வளர்ந்ததுதான் ப்ளூஸ். ஸ்டோவால் என்ற தோட்டத்தில் வேலை செய்த மடி வாட்டர்ஸ் தன் வீட்டையே இப்படி ஒரு குடிலாக நடத்தினார். 1941இல் ஆலன் லோமாக்ஸ் என்ற ஆய்வாளர் ஒலிப்பதிவுக் கருவியோடு தேடி வந்து அவர் பாட்டைப் பதிவு செய்தார். 1943இல் மடி வாட்டர்ஸ் ரயிலேறி சிக்காகோ போனார். நகரத்து பார்களின் இரைச்சலில் சாதாரண கிட்டார் கேட்காது, அதனால் மின்சார கிட்டாருக்கு மாறினார். 1950இல் அவர் வெளியிட்ட ஒரு பாட்டின் பெயரிலிருந்துதான் 1962இல் லண்டன் பையன்கள் சிலர் தங்கள் குழுவுக்கு ரோலிங் ஸ்டோன்ஸ் என்று பெயர் வைத்தார்கள். எல்லவில் அந்தப் பையன்கள் வாசித்த பாட்டுகளின் வம்சாவளி இதுதான்.

சரி, நம்ம தோட்டத்தில் என்ன இருந்தது? தப்பு இருந்தது.

தப்பின் கதையும் அமெரிக்க மேளத்தின் கதையும் ஓர் இடத்தில் பிரிகின்றன. 1739இல் தென் கரோலினாவில் அடிமைகள் மேளம் அடித்துக்கொண்டு கிளர்ச்சிக்குப் புறப்பட்டார்கள். அடுத்த வருசமே அடிமைகள் மேளம் வைத்திருக்கக் கூடாது என்று சட்டம் வந்தது. இங்கே தொரைமார் தப்பைத் தடை செய்யவில்லை, வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். விடியக் கருக்கலில் தப்படித்து லயத்தை எழுப்பி, ஆட்களைப் பெரட்டுக்களத்துக்கு வரவழைத்தார்கள். சி.வி. வேலுப்பிள்ளை ஆங்கிலத்தில் எழுதிய தேயிலைத் தோட்டக் கவிதை அந்த விடிகாலைத் தப்போசையோடுதான் தொடங்குகிறது. கடிகாரம் வாங்க முடியாத ஆட்களுக்கு அவர்களுடைய மேளமே கடிகாரமானது.

ஆனால் ராத்திரியில் அதே தப்பு நம்ம பக்கம் வந்துவிடும். மாசி மாதத்தில் காமன் கூத்து நடக்கும். ரதியும் மன்மதனும் ஆட, விடிய விடியத் தப்பு முழங்கும். தொரைமார் தங்கள் கிளப்பில் இருப்பார்கள். 1893இல் தோட்டத்துரைமாருக்காகக் கட்டிய பண்டாரவளை ஹோட்டல் இன்றும் நிற்கிறது, போய்ப் பார்க்கலாம். கூத்து நடந்த களங்களுக்கு அப்படி ஒரு கட்டடமும் இல்லை.

பிறகு ஏன் தப்பிலிருந்து நமக்கு ஒரு ரொக் வரவில்லை? எங்களுக்குத் தெரிகிற காரணங்கள் மூன்று.

முதலாவது சாதி. தப்பை யார் அடிக்க வேண்டும், யார் வீட்டுச் சாவுக்கு அடிக்க வேண்டும் என்பதெல்லாம் கப்பலிலேயே கூட வந்த விசயம். மேளச் சத்தம் எல்லாருக்கும் வேணும், அடிக்கிறவன் மட்டும் வாசலுக்கு வெளியே நிற்கணும். மானமாக வாழ நினைத்த எத்தனையோ குடும்பங்கள் தப்பைக் கீழே வைத்தன. அதைத் தவறு என்று நாம சொல்ல முடியாது.

இரண்டாவது கோச்சி. பதுளைக்கு ரயில் பாதை வந்தது 1924இல். மடி வாட்டர்ஸை ரயில் சிக்காகோவுக்குக் கொண்டுபோனது. நம்ம ஆட்களை எங்கே கொண்டுபோனது? 1948இன் குடியுரிமைச் சட்டம் நம்மை நாடற்றவர்களாக்கியது. 1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பிரித்தது. மீதி 1,50,000 பேர் கணக்கு பிறகு பார்க்கலாம் என்று விட்டார்கள். ஊவாவில் கோச்சி ஏறியவர்கள் தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கினார்கள். தாயகம் திரும்பியோருக்கு வேலை கொடுக்கவே நீலகிரியில் 1968இல் அரசுத் தேயிலைத் தோட்டம் தொடங்கினார்கள். தேயிலையிலிருந்து புறப்பட்ட ஆட்கள் திரும்பவும் தேயிலையில் போய் இறங்கினார்கள். பாட்டுக்காரனும் தப்புக்காரனும் அந்தக் கூட்டத்தில்தான் போனார்கள். அப்படி உடைந்த ஒரு சமூகத்தில் ஒரு இசை எங்கே உட்கார்ந்து வளரும்?

மூன்றாவது, ராத்திரியில் பாதி ஆட்களைக் கதவுக்கு உள்ளே வைத்தது. மலையில் கொழுந்து பறிப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். தாலாட்டும் ஒப்பாரியும் அவர்களிடம்தான் இருந்தன. ஆனால் கூத்தில் ரதி வேசம் கட்டியது ஆண்கள். சாராயக்கடைப் பக்கமோ பெண் போகவே முடியாது. 1979இல் அரசாங்கமே ஓர் அறிவித்தல் போட்டு, பெண்களுக்கு மதுபானம் விற்பதையும் அப்படிப்பட்ட இடங்களில் அவர்கள் வேலை செய்வதையும் தடுத்தது. 2018 ஜனவரியில் நிதி அமைச்சர் மங்கள சமரவீர அந்தத் தடையை நீக்கினார். ஒரு வாரம்கூட ஆகவில்லை, ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன அதை வாபஸ் வாங்கச் சொல்லிவிட்டார். அண்ணன் எங்களிடம் கேட்ட கேள்விக்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறது.

குடி நம்ம லயங்களில் என்ன செய்திருக்கிறது என்று எங்களுக்குத் தெரியும். சம்பள நாள் ராத்திரியில் அடி வாங்கிய அம்மாமாரின் பிள்ளைகள்தான் நாங்களும். பாருக்குப் போவது பெரிய விடுதலை என்று எழுத வரவில்லை. ஆனால் ராத்திரியில் வெளியே போய் ஒரு இசையைக் கேட்கும் உரிமை குடிக்கிறவர்களுக்கு மட்டும், ஆண்களுக்கு மட்டும் என்று ஏன் இருக்கணும்?

இதற்கு முன்னால் வழி காட்டியவர் ஒருவர் இருக்கிறார். தொழிற்சங்கத் தலைவர் கோ. நடேசய்யரின் மனைவி மீனாட்சியம்மாள். கூட்டம் கூட்டமாகத் தொழிலாளர்கள் நின்ற இடங்களில் மேடையேறிப் பாடினார். மக்களுக்குப் பழக்கமான மெட்டுகளில் கூலியையும் உரிமையையும் பாட்டாக எழுதினார். 1940இல் அவர் பாட்டுகள் புத்தகமாகவும் வந்தன. கிட்டார் இல்லை, ஒலிபெருக்கி எல்லா இடத்திலும் இருந்திருக்காது. ஆனாலும் அது லைவ் இசைதான்.

எல்லவில் அன்றைக்குக் கடைசிப் பாட்டுக்கு எங்களில் ஒருத்தி மேசையில் தாளம் போட்டாள். காமன் கூத்தில் கேட்டுப் பழகிய அடி. டிரம்ஸ் அடித்த பையன் திரும்பிப் பார்த்துச் சிரித்தான், இரண்டு சுற்று அவளோடு சேர்ந்து அடித்தான். அவ்வளவுதான் நடந்தது. கடைசி பஸ் போய்விட்டதால் த்ரீவீலருக்குக் காசு சேர்த்துக்கொண்டு வீடு வந்தோம்.

வருகிற மாசியில் எங்க தோட்டத்துக் கூத்துக்கு அவளும் தப்பெடுத்து நிற்கப் போகிறாள். அடிக்கக் கற்றுக்கொடுக்கத் தாத்தா ஒருவர் சம்மதித்திருக்கிறார். கோயில் கமிட்டியிடம் இன்னும் கேட்கவில்லை. கேட்கும்போது நாலு பேரும் சேர்ந்துதான் போவோம்.