மாறாத பேரேடும் ஏமாறும் கையொப்பமும்

பிளாக்செயினில் பதிவான பரிவர்த்தனையைப் பின்னர் யாராலும் திருத்த முடியாது. ஆகவே அது பாதுகாப்பானது என்பது பரவலாக ஏற்கப்பட்ட வாதம். இதன் முற்பகுதி பெரும்பாலும் சரி. பிற்பகுதி அதிலிருந்து தானாகப் பெறப்படுவதில்லை. பதிவின் பாதுகாப்பு வேறு, பரிவர்த்தனையின் பாதுகாப்பு வேறு. முன்னதை உறுதிசெய்யும் திருத்தவியலாமையே பின்னதற்கு ஊறு விளைவிக்கவும் கூடும் என்று இக்கட்டுரை வாதிடுகிறது.

பதிவு எதை மெய்ப்பிக்கிறது?

இத்தொழில்நுட்பத்தின் வேர் ஆவணக் காப்பில் இருக்கிறது. மின்னாவணம் ஒன்றின் காலத்தைப் பிற்பாடு மாற்ற இயலாதபடி முத்திரையிடும் வழியை 1991-இல் ஸ்டூவர்ட் ஹேபரும் ஸ்காட் ஸ்டோர்னெட்டாவும் முன்வைத்தனர். ஒரு பதிவின் ஹாஷ் மதிப்பு, அதாவது அதன் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் அடையாள எண், அடுத்த பதிவுக்குள் சங்கிலிபோல் இடம்பெறும். நடுவில் ஒன்றைத் திருத்தினால் பின்வருவன அனைத்தும் பொருந்தாமல் போகும். 2008-இல் சதோஷி நகமோட்டோ என்ற புனைபெயரில் வெளியான பிட்காயின் கட்டுரை இவர்களது ஆய்வுகளைச் சுட்டியதோடு, ஒரே பணத்தை இருமுறை செலவிடுவதை வங்கி என்ற நடுவர் இன்றியே தடுக்க இச்சங்கிலியைப் பயன்படுத்தியது. ஆக, சங்கிலி மெய்ப்பிப்பவை மூன்று: இன்ன சாவி கையொப்பமிட்டது, இன்ன வரிசையில் பதிவானது, அதன்பின் மாறவில்லை. சாவிக்கு உரியவர் எதை எண்ணிக் கையொப்பமிட்டார் என்பதை அது அறியாது.

கையொப்பத்தில் நேரும் பிளவு

அந்த அறியாமையின் விலையை 2025 பிப்ரவரி 21 காட்டியது. அன்று துபாயிலிருந்து இயங்கும் பைபிட் பரிமாற்றகம் ஈதீரியம் என்ற பிளாக்செயினின் நாணயமான ஈதரில் ஏறத்தாழ 4 லட்சத்தை, அதாவது சுமார் 150 கோடி டாலரை இழந்தது. ஹாஷ் எதுவும் உடைக்கப்படவில்லை. ஒருவருக்கு மேற்பட்டோர் கையொப்பமிட்டால்தான் பணம் நகரும் என்ற ஏற்பாடும் இருந்தது. பணப்பை மென்பொருளை வழங்கிய நிறுவனத்தின் நிரலாளர் ஒருவரது கணினிக்குள் ஊடுருவியவர்கள், இணைய இடைமுகத்தில் தீய நிரலைப் புகுத்தினர். அலுவலர்களின் திரையில் தெரிந்தது வழக்கமான நிதி மாற்றம். கையொப்பத்துக்குச் சென்றதோ பணப்பையின் கட்டுப்பாட்டு நிரலையே மாற்றும் ஆணை. கையொப்பங்கள் அசலானவை என்பதால் ஈதீரியம் அவற்றை விதிப்படி ஏற்றுக்கொண்டது. வட கொரியாவே இதற்குப் பொறுப்பு என அமெரிக்காவின் எஃப்பிஐ அறிவித்தது.

இதை 2016 பிப்ரவரியில் வங்கதேச மத்திய வங்கியில் நடந்த திருட்டோடு ஒப்பிடலாம். நியூயார்க் ஃபெடரல் ரிசர்வில் அவ்வங்கிக்கு இருந்த கணக்கிலிருந்து சுமார் 95 கோடி டாலரை எடுக்க வங்கிகளுக்கிடையேயான செய்தி வலையமைப்பான ஸ்விஃப்ட் வழியே மோசடி ஆணைகள் சென்றன. 8.1 கோடி பிலிப்பைன்சுக்குப் போய்விட்டது. பெரும்பகுதி வழியிலேயே தடுக்கப்பட்டது. இலங்கைக்குச் சென்ற 2 கோடி, பெறுநர் பெயரிலிருந்த எழுத்துப்பிழையால் வங்கியாளர்களுக்கு ஐயம் எழுந்ததால் மீண்டது. நடுவரை நீக்கினால் செலவும் தாமதமும் குறையலாம். ஐயுறும் கண்ணும் கூடவே போய்விடுகிறது.

மீட்பு யார் கையில்?

பிளாக்செயினிலும் இழப்பை மீட்கலாமே என்பதற்கு ஈதீரியத்தில் இயங்கிய ‘தி டாவோ’ என்ற கூட்டு முதலீட்டு நிதிக்கு 2016 ஜூனில் நேர்ந்ததைக் காட்டுவர். ஒப்பந்த நிரலின் ஓட்டை வழியே சுமார் 36 லட்சம் ஈதர் வெளியேறியது. அடுத்த மாதமே ஈதீரியம் தன் சங்கிலியைக் கிளைபிரித்து அப்பணத்தை மீட்டது. உடன்படாதோர் பழைய சங்கிலியை ஈதீரியம் கிளாசிக் என்ற பெயரில் தொடர்ந்தனர். ஆனால் இது முன்கூட்டி வகுத்த விதியால் கிடைத்த பரிகாரம் அன்று. பெரும்பான்மையோர் இசைந்ததால் ஒருமுறை வாய்த்தது. பைபிட்டுக்கு அது வாய்க்கவில்லை. நடுவரின் அதிகாரம் மறைந்துவிடவில்லை, பொறுப்பேற்க எவருமில்லாத இடத்துக்கு நகர்ந்திருக்கிறது என்பதே இதிலிருந்து பெறப்படும் முடிவு.

அப்படியானால் சாதாரண தரவுத்தளமே போதாதா? ஒருவரையொருவர் நம்பாத பல நிறுவனங்கள் ஒரே பேரேட்டைப் பகிர வேண்டிய இடத்தில் போதாது. அங்கு பிளாக்செயினுக்கு நியாயமான பயன் உண்டு. ஆயினும் அங்கும் பாதுகாப்புச் செலவின் பெரும்பங்கு கையொப்பத்துக்கு முந்தைய கட்டத்துக்கே செல்ல வேண்டும். ஆணையின் முழு உள்ளடக்கத்தையும் மனிதர் படிக்கும் மொழியில் தனிக்கருவி காட்ட வேண்டும். பெருந்தொகை உடனே நகராமல், மறுக்க வாய்ப்பளிக்கும் காத்திருப்பு நேரம் நிரலிலேயே அமைய வேண்டும். தவறு நேர்ந்தால் யார், எந்த விதியின்கீழ் தீர்ப்பளிப்பார் என்பது முன்கூட்டியே எழுதப்பட வேண்டும். இவை இல்லாத அமைப்பில் திருத்தவியலாமை, பணத்தைப் பறிகொடுத்தவரைவிடப் பறித்தவருக்கே அதிகம் பயன்படும்.