வட ஆப்பிரிக்கத் திருச்சபை எழுப்பிய வினா

மேற்றிசை இறையியலின் பிறப்பிடம் யாதென்று வினவினால், ரோமாபுரி என்றே நம்மில் பலர் விடை பகர்வோம். ஆனால் மூன்றாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை ரோமத் திருச்சபை பெரும்பாலும் கிரேக்க மொழியையே வழங்கிவந்தது. இலத்தீனைக் கிறிஸ்தவச் சிந்தனைக்குப் பழக்கியது வட ஆப்பிரிக்கா. கி.பி. 180இல் கார்த்தேஜ் நகரில் மரணத்தீர்ப்புப் பெற்ற பன்னிருவரின் விசாரணைக் குறிப்பே, காலம் குறித்த மிகப் பழைய இலத்தீன் கிறிஸ்தவ ஆவணமாகும். அவர்கள் பெட்டியில் இருந்தவை பவுலின் நிருபங்கள். அந்நகரத்துத் தெர்த்துல்லியனே திரித்துவத்திற்குரிய இலத்தீன் சொல்லை நமக்குத் தெரிந்தவரை முதலில் ஆண்டவர்.

எனினும் சொற்களைவிட அத்திருச்சபை எழுப்பிய வினாவே பெரிது. அது கல்விக்கூடத்தில் எழுந்ததன்று. 250இல் தேக்கியு பேரரசன் யாவரும் பலியிட்டுச் சான்றிதழ் பெறவேண்டுமெனக் கட்டளையிட்டான். அஞ்சி மறுதலித்தோர் பலர். அவர்களைத் திரும்பச் சேர்ப்பது எவ்வாறு? பிரிந்துபோனோர் கொடுத்த ஞானஸ்நானம் செல்லுமா? செல்லாது என்றார் பேராயர் சிப்பிரியான். ஆவியைப் பெறாதவன் ஆவியை எவ்வாறு அளிப்பான் என்பது அவர் வாதம். 256இல் கார்த்தேஜில் கூடிய 87 பேராயர்களும் அவ்வாறே தீர்ப்பளித்தனர். ரோமப் பேராயர் ஸ்தேவான் இணங்கவில்லை. ஈராண்டுக்குப்பின் சிப்பிரியான் இரத்தசாட்சியாக மரித்தார்.

303இல் தொடங்கிய உபத்திரவத்தில் வேதப்பிரதிகளை ஒப்படைத்த குருமார் குறித்து அதே வினா மீண்டும் எழுந்தது. அத்தகையோர் செய்த அபிஷேகம் செல்லாது என்று தொனாத்தியர் பிரிந்தனர். அவர்களை வெறும் பிடிவாதக்காரர் என்று நாம் தள்ளிவிடலாகாது. சிப்பிரியானின் வாதத்தையே அவர்கள் கைக்கொண்டனர். ஹிப்போவின் அகுஸ்தீன் அளித்த விடை வேறு: திருவருட்சாதனம் கிறிஸ்துவினுடையது, ஊழியனுடையதன்று. 1530ஆம் ஆண்டு ஆக்ஸ்பர்க் அறிக்கையின் எட்டாம் பிரிவும், ஆங்கிலிக்கத் திருச்சபையின் 39 பிரமாணங்களுள் 26ஆவதும் அவ்விடையையே கூறுகின்றன. திருவிருந்துப் பீடத்தண்டை தன் தகுதியின்மையை உணர்ந்து நிற்கும் எந்தப் போதகரும் அவருக்குக் கடன்பட்டவரே.

ஆயினும் அதே அகுஸ்தீன், முதலில் வற்புறுத்தலை எதிர்த்தவர், பின்னர் அரசாங்க வலிமையால் தொனாத்தியரை ஒடுக்குவதற்கு உடன்பட்டார். லூக்கா 14இன் விருந்து உவமையையே ஆதாரமாகக் காட்டினார். 411இல் கார்த்தேஜில் நிகழ்ந்த விவாதத்திற்குப்பின் தொனாத்தியர்மேல் அபராதங்கள் விழுந்தன. பிற்காலத்தில் கிறிஸ்தவரைக் கிறிஸ்தவர் துன்புறுத்தியபோதெல்லாம் அவ்விளக்கம் கைகொடுத்தது. அவர் விடையை ஏற்கும் நாம் இதனை மறைத்தல் நேர்மையன்று.

430இல் வண்டாலர் ஹிப்போவை முற்றுகையிட்டிருக்கையில் அவர் மரித்தார். திருச்சபையின் நூல்களைக் கவனமாய்க் காக்கும்படி அவர் எப்பொழுதும் சொல்லிவந்தார் என்று அவருடைய சீடர் பொசிதியு எழுதிவைத்திருக்கிறார்.