ரொம்ப வருஷம் கழிச்சு மறுபடியும் பைக்கா? எந்த வண்டி சரிப்படும், வாங்கும் முன் என்னென்ன பார்க்கணும்?

காலேஜ் படிக்கும்போது ஆர்எக்ஸ் 100, கல்யாணத்துக்கு அப்புறம் ஸ்பிளெண்டர், அதற்குப் பிறகு கம்பெனி பஸ், கார் என்று 15, 20 வருஷம் கிளட்ச்சே பிடிக்காமல் ஓடிப் போனவர்கள் நிறைய பேர். வேலையில் இருந்து ஓய்வு பெற்று, நிலத்தைப் பார்த்துக்கொள்ளலாம் என்று சொந்த ஊருக்குத் திரும்பும்போதுதான் வண்டியின் அருமை தெரிகிறது. கூரம் மாதிரி காஞ்சிபுரத்தைச் சுற்றியிருக்கும் கிராமங்களில் மருந்துக்கடை, பேங்க், உரக்கடை என்று எதற்குக் கிளம்பினாலும் கையில் ஒரு டூவீலர் வேண்டும்.

பைக்குக்குப் பஞ்சம் இல்லாத மாவட்டம் இது. ராயல் என்ஃபீல்டின் ஒரகடம், வல்லம் வடகால் தொழிற்சாலைகளும் யமஹாவின் வல்லம் வடகால் தொழிற்சாலையும் இங்கேதான் இருக்கின்றன. ஆனால் ஷோரூமுக்குள் நுழைந்ததும் பலரும் கேட்பது, "அந்தக் காலத்து வண்டி மாதிரி இழுக்குமா?" என்பதுதான். சிக்கலே அங்கேதான் ஆரம்பிக்கிறது. மனசுக்கு 25 வயசு வண்டி ஞாபகம், முட்டிக்கு 55 வயசு.

சைக்கிள் மாதிரி பைக்கும் மறக்காதே?

பேலன்ஸ் மறக்காது, உண்மைதான். அதோடு சேர்ந்து பழைய பழக்கங்களும் மறக்காது என்பதுதான் ஆபத்து. பழைய புல்லட்டில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில் இருந்தது. அதில் பழகியவர் திடீரென்று மாடு குறுக்கே வந்தால் யோசிக்க மாட்டார், கால் தானாகப் பழைய இடத்துக்குப் போகும். பிரேக் என்று நினைத்துக் கியரை மிதிப்பார். இப்போதைய வண்டிகளில் கியர் இடது பக்கம்தான். ஆனால் முதல் கியர் முன்னால் மிதித்தா, அடுத்தடுத்த கியர் மேலே தூக்கியா என்பது மாடலுக்கு மாடல் மாறும். டெஸ்ட் ரைடுக்கு முன்பே இதைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இன்னொரு பழக்கம், பின் பிரேக்கை மட்டும் மிதிப்பது. "முன் பிரேக் பிடிச்சா குப்புற விழுவ" என்று சொல்லியே ஒரு தலைமுறை வண்டி பழகியது. நிஜத்தில் பிரேக் பிடிக்கும்போது வண்டியின் எடை முன்சக்கரத்துக்குப் போகிறது. அதனால் வண்டியை நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன் பிரேக்குடையது. பின் பிரேக்கை மட்டும் அழுத்தினால் டயர் லாக் ஆகி இழுத்துக்கொண்டு போகும். உத்திரமேரூர், வாலாஜாபாத் பக்கம் கல்குவாரி லாரிகள் சிந்திவிட்டுப் போகும் ஜல்லித்தூள் மேல், அறுவடை சமயத்தில் ரோட்டில் காயப்போட்ட நெல் மேல் இப்படி லாக் ஆனால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022ல் நாடு முழுக்கச் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் 44.5 சதவீதம் பேர் டூவீலரில் போனவர்கள். விபத்துகளின் எண்ணிக்கையில் அந்த ஆண்டு முதலிடம் தமிழ்நாட்டுக்கு.

சிசி பார்ப்பதா, எடை பார்ப்பதா?

எடைதான். ஓடும்போது எந்த வண்டியும் லேசாகத்தான் தெரியும். மேடு பள்ளமான இடத்தில் நிறுத்தி, பின்னால் தள்ளி, யூ-டர்ன் போடும்போதுதான் வண்டி யார் என்று காட்டும். ஹோண்டா ஷைன் 100 சுமார் 99 கிலோ, ஸ்பிளெண்டர் பிளஸ் 112 கிலோ. ராயல் என்ஃபீல்டில் லேசானது என்று பேசப்படும் ஹன்டர் 350 கூட 181 கிலோ, கிளாசிக் 350 சுமார் 195 கிலோ. வாங்க வசதி இருக்கிறது என்பதற்காக நேராக 350க்குப் போவதைவிட, ஒரு வருஷம் 100 அல்லது 125 சிசியில் கை பழகிவிட்டுப் போவது நல்லது. அந்த ஒரு வருஷத்துக்குப் பிறகு பெரிய வண்டி ஆசையே போய்விட்டால் பணமும் மிச்சம்.

அடுத்தது சீட் உயரம். ஸ்பிளெண்டர் பிளஸ்ஸில் 785 மில்லிமீட்டர். கேட்டலாக்கில் படித்தால் மட்டும் போதாது, உட்கார்ந்து பார்க்க வேண்டும். இரண்டு பாதமும் தரையில் முழுசாகப் பதிகிறதா, பின்னால் ஆள் ஏறும்போதும் பதிந்தே இருக்கிறதா? மனைவியையும் கூட்டிக்கொண்டு போய் உட்கார வைத்துப் பார்ப்பது இதனால்தான். புடவையில் ஒருபக்கமாக உட்காரும்போது எடை ஒரு பக்கம் சாயும்; 20 வருஷம் விட்டவருக்கு அதுவே புதுப் பரீட்சை. சேலை கார்டு, கைப்பிடி, கால் வைக்கும் இடம் எல்லாம் சரியாக இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

எப்போதும் இரண்டு பேர், கூடவே ஒரு மூட்டை என்றால் 125 சிசி வசதி. ஒருவர் மட்டும் ஊருக்கும் டவுனுக்கும் போய்வர 100 சிசியே தாராளம்.

ஸ்கூட்டர் வாங்கினால் என்ன? கியர் தொல்லை இல்லை என்பது நிஜம். ஆனால் சின்னச் சக்கரம் பள்ளத்தில் இறங்கும் அளவுக்கு பைக்கின் 17, 18 இன்ச் சக்கரம் இறங்காது. தார் ரோடே பாதியில் முடியும் ஊர்களில் இந்த வித்தியாசம் இடுப்பில் தெரியும்.

புது வண்டியில் என்னென்ன மாறியிருக்கு?

2017 ஏப்ரலில் இருந்து வரும் வண்டிகளில் ஹெட்லைட் எப்போதும் எரிந்துகொண்டே இருக்கும், அணைக்க சுவிட்ச் கிடையாது. எதிரில் வருபவர் "லைட் எரியுது" என்று விரல்களை விரித்து மடக்கிக் காட்டினால் பதற வேண்டாம். 2020 ஏப்ரலில் பிஎஸ்6 வந்த பிறகு கார்புரேட்டர் போய் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் வந்துவிட்டது. பல வண்டிகளில் சோக்கும் இல்லை, ரிசர்வுக்குத் திருப்பும் டேப்பும் இல்லை.

முக்கியமான மாற்றம் பிரேக். 2019 ஏப்ரலில் இருந்து 125 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு ஏபிஎஸ் கட்டாயம். அதற்குக் கீழே உள்ளவற்றுக்கு சிபிஎஸ் போதும் என்று விதி வந்தது. சிபிஎஸ் என்றால் பின் பிரேக்கை மிதித்தால் முன் பிரேக்கும் கொஞ்சம் பிடிக்கும். பின் பிரேக் பழக்கம் உள்ளவர்களுக்கு இது கைகொடுக்கும். ஆனால் டயர் லாக் ஆகாமல் தடுப்பது ஏபிஎஸ் மட்டுமே. சின்ன வண்டியிலும் ஏபிஎஸ் வந்திருக்கிறது; 2022 கடைசியில் பஜாஜ் பிளாட்டினா 110ல் கொண்டு வந்தது. ஏபிஎஸ், டிஸ்க் உள்ள வேரியன்ட் கையிருப்பில் இருக்கிறதா என்று கேட்டு, இருந்தால் கொஞ்சம் கூடக் கொடுத்தாவது அதை வாங்கலாம். அலாய் வீலுக்கும் ஸ்டிக்கருக்கும் கொடுக்கும் காசைவிட இது உருப்படியான செலவு.

350 சிசி வரையிலான டூவீலர்களுக்கு ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22ல் இருந்து 28 சதவீதத்தில் இருந்து 18 சதவீதமாகக் குறைக்கப்பட்டது.

பழைய ஆர்எக்ஸ் 100 கிடைத்தால்?

ஆசைக்கு வாங்கலாம், அன்றாட ஓட்டத்துக்கு வேண்டாம். 1985ல் வந்து 1996ல் நின்றுபோன வண்டி அது. 98 சிசியில் 11 குதிரைத்திறன். அதே அளவு இன்ஜின் உள்ள ஸ்பிளெண்டருக்கு 8தான். சீறும் வேகத்துக்கு ஏற்ற பிரேக் அதில் கிடையாது, முன்னாலும் டிரம்தான். 15 வருஷம் தாண்டிய வண்டிக்கு ஆர்சி புதுப்பித்திருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

எந்த செகண்ட் ஹேண்ட் வண்டியாக இருந்தாலும் 29, 30 எண் படிவங்களில் கையெழுத்து வாங்கிப் பெயர் மாற்றிவிட வேண்டும். கடனில் வாங்கிய வண்டி என்றால் ஆர்சியில் ஃபைனான்ஸ் பெயர் நீக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்த பிறகே பணம் கொடுக்கணும்.

லைசென்ஸை எடுத்துப் பாருங்க

பலரும் கடைசியில் பார்ப்பது, முதலில் பார்க்க வேண்டியது. லைசென்ஸ் முடிந்து ஒரு வருஷம் தாண்டியிருந்தால் மறுபடியும் டெஸ்ட் ஓட்டிக் காட்ட வேண்டும். 55 வயதுக்கு மேல் புதுப்பித்தால் 5 வருஷம்தான் செல்லும். 40 வயது தாண்டியவர்களுக்கு டாக்டர் சான்றிதழ் தேவை. அதில் கியர் வண்டிக்கான அனுமதி இருக்கிறதா, பழைய புத்தக லைசென்ஸ் என்றால் ஆன்லைன் சாரதி தளத்தில் ஏறியிருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். செல்லாத லைசென்ஸோடு விபத்தில் சிக்கினால் இன்சூரன்ஸ் கம்பெனி கேள்வி கேட்கும்.

சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்வு குறைந்தவர்கள் டாக்டரிடம் அதை மறைக்கக் கூடாது. பிரேக்கை எவ்வளவு அழுத்துகிறோம் என்பதே காலுக்குத் தெரியாமல் போகலாம்.

முதல் மாசம் எப்படி ஓட்டணும்?

டெலிவரி எடுத்த அன்றைக்கே வெள்ளை கேட் வழியாக பெங்களூரு நெடுஞ்சாலையில் ஏற வேண்டாம். 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்குக் கிட்டத்தட்ட 17 மீட்டர் போகிறோம். கண் பார்த்து, மூளை சொல்லி, கை பிடிப்பதற்குள் அந்த நொடி போய்விடும். வேகம் 40ல் இருந்து 60 ஆனால், பிரேக் பிடித்த பிறகு வண்டி நிற்க வேண்டிய தூரம் இரண்டேகால் மடங்காகும்.

காலியான மைதானம் அல்லது லே-அவுட் ரோடில் ஒரு வாரம் காலையில் அரைமணி நேரம் பழகினால் போதும். 20ல் போய் இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடித்து நிறுத்துவது, பிறகு 30ல், பிறகு 40ல். நடுவில் குறுகலான இடத்தில் யூ-டர்ன். ஐஎஸ்ஐ முத்திரை உள்ள ஹெல்மெட் முதல் நாளே இரண்டாக வாங்கிவிடுங்கள், பின்னால் உட்காருபவருக்கும் சட்டப்படி கட்டாயம். ஆனால் முதல் மாசம் அந்த இரண்டாவது ஹெல்மெட் வீட்டிலேயே இருக்கட்டும். தனியாக ஓட்டிக் கை பழகிய பிறகு, முதலில் பகலில், பிறகு இருட்டில் என்று ஆள் ஏற்றிக்கொள்ளலாம்.