கடல் கடந்து வந்த செய்தி



கோத்தா கோலா மூடாவில் ஒரு சுனாமிக் காட்சிக்கூடம் இருக்கிறது. 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை கரையேறி வீடுகளையும் படகுகளையும் வாரிச் சென்றதன் நினைவாக அமைந்த கூடம் அது. எங்கள் தோட்டப் பள்ளிப் பிள்ளைகளை ஒருமுறை அங்கே அழைத்துச் சென்றேன். மறுநாள் வகுப்பில் வரைபடத்தை விரித்து அலை பரவிய வழியை விளக்கியபோது, ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி எழுந்து ஒரு கேள்வி கேட்டாள்.

"சார், நாகப்பட்டினத்தில் முதலில் அலை வந்தது, அதற்குப் பிறகுதான் நமக்கு வந்தது என்கிறீர்கள். அங்கே இருந்தவர்கள் ஏன் நமக்குச் சொல்லவில்லை?"

உடனே விடை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்தக் கேள்விக்கு விடை தேடப் புகுந்தால், இந்தக் கடலில் மனிதனும் அவனுடைய செய்தியும் கடந்து வந்த வரலாறு முழுவதையும் திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கிறது. இன்றைய பேச்சில் அதைத்தான் உங்களோடு பகிர்ந்துகொள்ளப் போகிறேன்.

நாகப்பட்டினத்துக்கும் கெடாக் கரைக்கும் உள்ள உறவு நேற்று வந்த உறவு அன்று. 1834-ஆம் ஆண்டு, இன்று செபராங் பிறை என வழங்கும் பகுதியின் வடபுறத்தில் ஜேம்ஸ் லோ என்ற ஆங்கிலேய அதிகாரி ஒரு கல்வெட்டைக் கண்டெடுத்தார். கி.பி. 5-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது அக்கல்வெட்டு. புத்தகுப்தன் என்ற மகாநாவிகன், அதாவது பெரிய மாலுமி, தன் கடற்பயணம் நல்லபடியாக முடிய வேண்டும் என்ற வேண்டுதலோடு பொறித்து வைத்த கல் அது. மூடா ஆறு கடலில் கலக்கும் இடத்துக்கு வடக்கே, மெர்போக் ஆற்றை ஒட்டிய பூஜாங் பள்ளத்தாக்கில் பழங்கோயில்களின் அடித்தளங்கள் இருக்கின்றன. கடலிலிருந்து வருபவனுக்கு ஜெராய் மலைதான் அடையாளம். நம் முன்னோர் கடாரம் என்று அழைத்த நாடு இதுவே.

சோழ மன்னன் இராசராசன் காலத்தில், கடாரத்து அரசன் நாகப்பட்டினத்தில் ஒரு புத்த விகாரத்தைக் கட்டுவித்தான். சூடாமணி விகாரம் என்பது அதன் பெயர். அதற்கு ஆனைமங்கலம் என்னும் ஊரைச் சோழ மன்னன் கொடையாக வழங்கிய செய்தியைச் செப்பேடுகள் கூறுகின்றன. பின்னர் 1025-ஆம் ஆண்டளவில் அதே சோழ நாட்டுக் கடற்படை, இராசேந்திரன் காலத்தில், கடாரத்தின்மேல் படையெடுத்தது. நட்பும் பகையும் ஒரே வழியில்தான் வந்து போயின. அந்த வழியைத் திறந்து வைத்ததும் மூடி வைத்ததும் காற்று. தென்மேற்குப் பருவக்காற்று பாயை நிரப்பிக் கப்பலைக் கிழக்கே கொண்டு வரும். திரும்பிப் போக வேண்டுமானால் வடகிழக்குக் காற்று எழும்வரை காத்திருக்க வேண்டும். ஆகவே ஒரு செய்தி போய், அதற்கு மறுமொழி வருவதற்குள் பல மாதங்கள் கழிந்துவிடும். செய்தியின் வேகம் கப்பலின் வேகம். கப்பலின் வேகம் காற்றின் கருணை.

இந்த நிலையை முதலில் மாற்றியது நீராவி. 1856-இல் தொடங்கப்பட்டு, 1862-இல் பிரிட்டிஷ் இந்தியா எனப் பெயர் பெற்ற நீராவிக் கப்பல் நிறுவனத்தின் கப்பல்கள், காற்றைக் கேளாமலே இந்தக் கடலைக் கடந்தன. நம் பாட்டன், பூட்டன் பலரைப் பால்மரக் காட்டுக்கு ஏற்றி வந்தவை அந்நிறுவனத்தின் கப்பல்கள்தாம். 'ரஜூலா' என்ற பெயரை நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். 1926-இல் கிளாஸ்கோ நகரில் கட்டப்பட்ட அந்தக் கப்பல், 5,000க்கும் மேற்பட்ட மேல்தட்டுப் பயணிகளை ஏற்ற உரிமம் பெற்றிருந்தது. மேல்தட்டுப் பயணி என்றால் என்ன? அறையும் கட்டிலும் இல்லாமல், கிடைத்த இடத்தில் பாயை விரித்து, மூட்டையைத் தலைக்கு வைத்துப் படுத்து வந்தவர். சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஆள் ஏற்றி, பினாங்கிலும் சிங்கப்பூரிலும் இறக்கி, 1973 வரை அது ஓடியது. அதன் பின் வந்த 'சிதம்பரம்' கப்பலும் 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் தீப்பற்றியதோடு தன் பயணத்தை முடித்துக்கொண்டது.

பல மாதம் என்றிருந்த பயணம் ஏறக்குறைய ஒரு வாரமாகச் சுருங்கியது. ஆனால் நம்மவர்க்குச் செய்தி அந்தக் கப்பலோடு வந்த கடிதமாகவே இருந்தது. ஊரில் தாய் இறந்து, கருமாதியும் முடிந்து, அதற்கும் பிறகு தோட்டத்துக்குக் கடிதம் வந்து சேரும். எழுதப் படிக்கத் தெரிந்தவர் ஒருவரைத் தேடிப் பிடித்து, லயத்து வாசலில் அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டு அழுத குடும்பங்கள் எத்தனையோ.

இதே காலத்தில், கப்பலையும் முந்திச் செல்லும் வேறொரு வழி இந்தக் கடலின் அடியில் இருந்தது என்பது நம்மில் பலர் அறியாத செய்தி. 1870-ஆம் ஆண்டு சென்னைக்கும் பினாங்குக்கும் இடையே கடலடியில் தந்திக் கம்பி இடப்பட்டது. அடுத்த ஆண்டிலேயே அது சிங்கப்பூரையும் இணைத்துவிட்டது. நாள் கணக்கில் வந்த செய்தி, நிமிடக் கணக்கில் வரத் தொடங்கியது.

உப்பு நீரில் கிடக்கும் செப்புக் கம்பிக்கு நீர் புகாத உறை வேண்டும் அல்லவா? அந்த உறை எது தெரியுமா? மரத்துப் பால்! நாம் அறிந்த ரப்பர் மரத்துப் பால் அன்று. மலாய்க் காடுகளில் வளர்ந்த கெத்தா பெர்ச்சா என்ற மரத்தின் பால் அது. குளிர்ந்த கடலடியிலும் கெட்டுப் போகாமல், மின்சாரத்தை வெளியே விடாமல் கம்பியைக் காக்கும் தன்மை அதற்கு உண்டு. ரப்பர் மரத்தை நாம் நாள்தோறும் கீறிப் பால் எடுத்து, மரத்தை உயிரோடு வைத்திருக்கிறோம். கெத்தா பெர்ச்சா மரத்தையோ அடியோடு வெட்டிச் சாய்த்துப் பால் எடுத்தார்கள். ஒரு மரம் கொடுத்த பால் மிகக் கொஞ்சம். உலகக் கடல்களில் எல்லாம் கம்பி இடுவதற்காக இந்நாட்டுக் காடுகளில் எண்ணற்ற மரங்கள் விழுந்தன. இந்த மண்ணின் மரம்தான் உலகத்தின் செய்தியைச் சுமந்தது.

ஆனால் அந்தச் செய்தி யாருக்கு வந்தது? தந்திக்குச் சொல்லுக்கு இவ்வளவு என்று கட்டணம். அரசாங்கமும் வணிகரும் அதைப் பயன்படுத்தினார்கள். ஈய விலையும் ரப்பர் விலையும் கடலடியில் ஓடின. அதே கம்பிக்கு மேலே, கப்பல் தட்டில் பாய் விரித்துப் படுத்து வந்த தொழிலாளிக்கு அந்தக் கம்பி எட்டாத பொருளாகவே இருந்தது. கருவி ஒன்று இருப்பது வேறு, அதன் பயன் கடைசி வீட்டுக்கு வந்து சேர்வது வேறு என்பதை நாம் இங்கே மனத்தில் கொள்ள வேண்டும். மாணவியின் கேள்விக்கு விடையும் இங்கேதான் தொடங்குகிறது.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. மலேசிய நேரப்படி காலை 8.58 மணிக்குச் சுமத்திராவின் மேற்குக் கடலடியில் பூமி அதிர்ந்தது. அதன் அளவு 9.1. கடலடி நிலம் வடக்கே அந்தமான் தீவுகள் வரை, ஏறக்குறைய 1,200 கிலோமீட்டர் நீளத்துக்குப் பிளந்து நகர்ந்தது. மேலே இருந்த கடல் நீர் முழுவதும் அசைந்து அலையாகப் புறப்பட்டது.

ஆழிப்பேரலையின் வேகம் கடலின் ஆழத்தைப் பொறுத்தது. 4,000 மீட்டர் ஆழமுள்ள கடலில் அது மணிக்கு 700 கிலோமீட்டர் வேகத்தில், விமானம் போலப் பாயும். 50 மீட்டர் ஆழமே உள்ள கடலில் மணிக்கு 80 கிலோமீட்டராகத் தளர்ந்துவிடும். நாகப்பட்டினத்துக்குச் செல்லும் வழி ஆழ்கடல். நம் மலாக்கா நீரிணையோ ஆழம் குறைந்தது. மேலும் சுமத்திராத் தீவு குறுக்கே நின்று நமக்கு அரணாயிற்று. அலை அச்சே முனையைச் சுற்றி வளைந்துதான் இங்கே வர வேண்டியிருந்தது. ஆகவே நாகப்பட்டினத்தில் அலை ஏறியபோது நம் கடிகாரத்தில் ஏறக்குறைய பதினொன்றரை மணி. அதற்கும் முன்பே தாய்லாந்தின் புக்கெட் கரையைத் தாக்கிவிட்டது. கோலா மூடாவுக்கு அது வந்தபோது நண்பகல் கடந்துவிட்டது.

நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். மலேசியாவில் 68 உயிர்கள் போயின. ஆயிரம் ஆண்டு உறவுள்ள இரு கரைகளிலும் ஒரே நாளில் ஒப்பாரி எழுந்தது.

நேயர்களே, அன்று கம்பியும் இருந்தது. தொலைபேசியும் செயற்கைக்கோளும் கைப்பேசியும் இருந்தன. பிறகு ஏன் செய்தி வரவில்லை? பசிபிக் பெருங்கடலுக்கு 1949 முதலே ஹவாய்த் தீவில் ஓர் எச்சரிக்கை நிலையம் இருந்தது. இந்தியப் பெருங்கடலுக்கு அப்படி ஒன்று இல்லை. இந்த நாட்டில் எச்சரிக்கை என்றால், அந்த நாட்டில் யாரிடம் சொல்வது, அவர் யாரிடம் சொல்வது, கடற்கரைக் குடிசைக்கு யார் ஓடிப் போய்ச் சொல்வது என்ற ஏற்பாடே இல்லை. சொல்ல வேண்டியது தன் கடமை என்று யாருக்கும் வகுக்கப்படவில்லை. நாகப்பட்டினத்தில் இருந்தவர்கள் தங்கள் பிள்ளைகளைத் தேடிக்கொண்டிருந்தார்கள் அம்மா, அவர்கள்மேல் குற்றம் இல்லை. அந்த மாணவிக்கு நான் பின்னர் சொன்ன விடை இதுதான்.

அந்தப் பேரழிவுக்குப் பிறகு கடல் தொழில்நுட்பத்தில் வந்த பெரும் மாற்றம், இந்தக் குறையை நீக்கும் முயற்சியாகும். ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ அமைப்பின் ஒருங்கிணைப்பில் இந்தியப் பெருங்கடல் நாடுகள் ஒன்றுகூடின. இந்தியா 2007-ஆம் ஆண்டு அக்டோபரில் ஐதராபாத்தில் எச்சரிக்கை நிலையம் அமைத்தது. நம் நாட்டில் மலேசிய வானிலை ஆய்வுத் துறை இரவு பகலாகக் கண்காணிக்கிறது. கடற்கரைகளில் எச்சரிக்கைச் சங்குகள் நிறுவப்பட்டன.

இதில் ஒரு கருவியை மட்டும் விளக்குகிறேன். ஆழ்கடலின் தரையில் அழுத்தத்தை அளக்கும் பெட்டி ஒன்றை வைக்கிறார்கள். அலை மேலே கடக்கும்போது நீரின் எடை சிறிது கூடுகிறது. நடுக்கடலில் அந்த அலை ஒரு முழ உயரம்கூட இல்லாமல் இருக்கலாம். கப்பலில் இருப்பவர் உணர மாட்டார். ஆனால் கருவி அதை உணரும். உணர்ந்ததை ஒலியாக மேலே அனுப்பும். மேலே மிதக்கும் மிதவை அதை வாங்கிச் செயற்கைக்கோளுக்கு அனுப்பும். அங்கிருந்து கரையிலுள்ள நிலையத்துக்கு வரும். இவ்வளவும் சில நிமிடங்களில் முடியும்.

2012 ஏப்ரல் 11-ஆம் நாள் சுமத்திராவுக்கு அப்பால் 8.6 அளவில் மீண்டும் நிலம் அதிர்ந்தது. இம்முறை எச்சரிக்கை வந்தது. நம் கரையிலும் இந்தியக் கரையிலும் மக்கள் மேட்டுக்கு விரைந்தனர். நிலம் மேலும் கீழும் எழாமல் பக்கவாட்டில் நகர்ந்ததால் பேரலை எழவில்லை. வீண் ஓட்டம் என்று சிலர் சலித்துக்கொண்டார்கள். வீணாகப் போன ஓட்டத்தில் உயிர் மிஞ்சுகிறது. ஓடாமல் இருந்த நாளின் கணக்கு நமக்குத் தெரியும்.

ஆயினும் கருவியை மட்டும் நம்பி இருந்துவிடவும் கூடாது. 2018 டிசம்பர் 22-ஆம் நாள் இரவு, சுந்தா நீரிணையில் அனாக் கிராக்கத்தாவ் எரிமலையின் ஒரு பக்கம் சரிந்து கடலில் விழுந்தது. அதனால் எழுந்த அலை 400க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. பெரிய நிலநடுக்கம் இல்லாததால் முன்னறிவிப்பும் இல்லை. கடலில் விடப்பட்ட மிதவைகளும் பேணுவார் இன்றி முன்பே பழுதாகிவிட்டிருந்தன.

இதற்கு நேர்மாறான ஒரு செய்தியைக் கூறி முடிக்கிறேன். 2004-இல் நிலநடுக்கம் தோன்றிய இடத்துக்கு மிக அருகில் இருந்தது சிமெலுவே என்னும் தீவு. ஏறக்குறைய 78,000 மக்கள் வாழ்ந்த அத்தீவில் இறந்தவர்கள் ஏழு பேர் மட்டுமே. அங்கே 1907-ஆம் ஆண்டு ஒரு பேரலை வந்திருந்தது. அதற்கு அவர்கள் இட்ட பெயர் 'ஸ்மோங்'. நிலம் பலமாக அதிர்ந்து, கடல் உள்வாங்கினால், எதையும் எடுக்க நிற்காமல் மேட்டுக்கு ஓடு என்று பாட்டி பேரனுக்குச் சொல்லி, தாலாட்டிலும் கதையிலும் வைத்துக் காத்து வந்தார்கள். 97 ஆண்டுகளுக்குப் பிறகு அந்தச் சொல் உயிர் காத்தது. அவர்களிடம் மிதவையும் இல்லை, சங்கும் இல்லை.

கோத்தா கோலா மூடாவின் மீன் சந்தையைப் பார்த்தவர்கள் அங்குள்ள புதுமையை அறிவீர்கள். 'பாசார் பீசிக்' என்று அதற்குப் பெயர். படகு வந்ததும், வாங்க வந்தவர்கள் ஒவ்வொருவராக ஏலக்காரர் காதில் தம் விலையைக் கிசுகிசுப்பார்கள். பக்கத்தில் நிற்பவருக்கும் கேட்காது. மீன் விலையைக் காதோடு சொல்லலாம். கடலின் எச்சரிக்கையை அப்படிச் சொல்லக் கூடாது. ஒருவர் அறிந்தால் ஊர் அறிய வேண்டும்.

ஆகவே பெற்றோர்களே, கடற்கரைக்கு உல்லாசமாகச் செல்லும் முன் உங்கள் பிள்ளைகளிடம் மூன்று செய்திகளைச் சொல்லி வையுங்கள். நில அதிர்வு நெடுநேரம் நீடித்தால் கரையை விட்டு விலகு. கடல் திடீரென்று உள்வாங்கித் தரை தெரிந்தால், மீன் பொறுக்கப் போகாதே, மேட்டுக்கு ஓடு. முதல் அலை போய்விட்டது என்று திரும்பி வராதே. அடுத்த அலை அதைவிடப் பெரிதாக இருக்கலாம். இந்த மூன்றையும் அவர்கள் தங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லட்டும். அந்த மாணவி கேட்ட கேள்வியை இன்னொரு பிள்ளை கேட்க வேண்டிய நாள் வராதிருக்கட்டும்.