ஏட்டில் அகப்படாத மூதாதையர்

நீத்தார் கடன் செய்யும் மைந்தன் எள்ளும் நீரும் கையிற்கொண்டு தந்தை, பாட்டன், பூட்டன் என்னும் மூவர் பெயரையுஞ் சொல்லித் தருப்பணம் இறைக்கின்றான். அதற்கு மேலுள்ளோரைத் தனித்தனியே பெயர்சொல்லி அழைக்கும் வழக்கம் இல்லை. பலருக்கு அந்த மூன்றாம் பெயரே நினைவில் நிற்பதில்லை. அவ்வாறானவிடத்துக் குருக்கள் ஒரு பொதுப்பெயரைச் சொல்லிக் கடமையை முடித்துவைப்பார். மறதிக்குச் சமயம் இவ்வளவு இடங்கொடுத்தது. 1948 ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டமொன்று இடங்கொடுக்கவில்லை.

அச்சட்டம் இலங்கைப் பிரசாவுரிமைச் சட்டமாகும். அவ்வாண்டின் 18 ஆம் இலக்கச் சட்டம். அவ்வாண்டு நவம்பர் 15 ஆந் தேதிக்கு முன் இந்நாட்டிற் பிறந்த ஒருவர் வம்சாவளியாற் பிரசையாக வேண்டுமானால், அவருடைய தந்தை இங்கே பிறந்திருத்தல் வேண்டும். அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருத்தல் வேண்டும். தருப்பணத்தில் அழைக்கப்படும் அதே மூவரைத்தான் சட்டமும் அழைத்தது. ஆனால் அவர் பெயர் யாது என்பதோடு அமையாது, அவர் எங்கே பிறந்தார், அதற்குச் சான்று எங்கே என்றும் கேட்டது. அச்சான்றைத் தரவல்ல ஏடுகள் இந்நாட்டில் எவ்வாறு தோன்றின, எவருக்காக எழுதப்பட்டன என்பதை அறிந்தாலன்றி அக்கேள்வியின் கடுமை விளங்காது.

குடிகளைப் பெயர் பெயராக எழுதிவைக்கும் வழக்கத்தை இங்கே விரிவாக நடத்தியவர் ஒல்லாந்தர். 1658 இல் யாழ்ப்பாணக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றிய அவர்கள், தமக்கு முன்னிருந்தோர் தொடங்கிய தோம்பு எழுதும் முறையைப் பெருக்கினர். தோம்பு மூவகைப்படும். குடித்தோம்பில் குடும்பத்தலைவன், அவன் மனைவி, மக்கள், உடன்பிறந்தார் ஆகியோர் பெயரும் வயதும், அக்குடும்பம் கும்பனிக்குச் செய்யவேண்டிய ஊழியமும் எழுதப்பட்டன. காணித்தோம்பில் நிலமும் அதில் நிற்கும் பயன்மரங்களின் தொகையும் எழுதப்பட்டன. மூன்றாவது பள்ளித்தோம்பு. ஒவ்வொரு கோவிற்பற்றிலும் இருந்த பள்ளிக்கூடத்தின் உபாத்தியாயரே ஞானஸ்நானம், விவாகம் என்பவற்றையும் பதிந்துவந்தார். எழுத்தறிவிப்பவனே ஊராரின் பிறப்பையும் மணத்தையும் எழுதிவைப்பவனாகவும் இருந்தான். அக்காலத்து உபாத்தியாயரின் பொறுப்பு இக்காலத்தவருடையதினும் சிறிதன்று என்பதற்கு இது போதிய சான்று. விவாகஞ் செய்ய விரும்புவோர் பெயரை மூன்று ஞாயிறுகளில் அடுத்தடுத்து அறிவித்த பின்னரே மணம் நடைபெறும். பிற்காலத்தில் வழக்கு நேர்ந்தால், இன்னார் இன்னாருடைய முறையான பிள்ளை என்பதற்குப் பள்ளித்தோம்பு சாட்சியாயிற்று.

இங்கேதான் தேடுவோர் முதன்முதல் இடறுவர். முறையான மணமும் உரிமையும் திருச்சபையின் ஏட்டைச் சார்ந்திருந்தபடியால், வீட்டிலே வைரவரையும் பிள்ளையாரையும் வணங்கிய பலரும் ஏட்டிலே கிறித்தவரானார்கள். ஊர் ஒரு பெயரால் அழைத்தது. தோம்பு வேறொரு பெயரால் அழைத்தது. ஆங்கிலேயர் வந்த பின் அந்தச் சமயக் கட்டாயம் நீங்கியதும், தோம்பிற் கிறித்தவராயிருந்த குடும்பங்கள் பல அடுத்த தலைமுறையிலே சைவப்பெயரோடு காணப்படுகின்றன. அறியாதார் இவற்றை இருவேறு குடும்பங்கள் என்று கொள்வர்.

அடுத்த இடர்ப்பாடு தமிழர் பெயரிடும் முறையினாலேயே நேர்வது. குடும்பப்பெயர் என்று ஒன்று நமக்கு இல்லை. யாழ்ப்பாணத்தில் தந்தையின் பெயரை முன்வைத்துத் தன்பெயரைப் பின்வைப்பர். மூத்த மகனுக்குப் பாட்டன் பெயரை இடுவர். அதனால் வேலர் கந்தரின் மகன் கந்தர் வேலர்; அவன் மகன் மறுபடியும் வேலர் கந்தர். ஒரே வளவின் உறுதிகளிலே அறுபது எழுபது ஆண்டு இடைவெளியில் ஒரே பெயர் மீண்டும் வரும்போது, அது ஒருவனா இருவரா என்று துணிதல் எளிதன்று. யாழ்ப்பாணத்துப் பேச்சில் பாட்டனைப் பேரன் என்றே அழைப்பதுண்டு. பெயரை உடையவன் பேரன் என்று கொண்டால், பாட்டனும் அவன் மகனுடைய மகனும் ஒருவருக்கொருவர் பேரன்மாரே. மொழிக்கு இது அழகு. ஏட்டைப் புரட்டுபவனுக்கு இது மயக்கம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இம்மயக்கத்துக்கு மிசனரிமாரும் தம் பங்கைச் சேர்த்தனர். 1816 இல் யாழ்ப்பாணத்திலே பணியைத் தொடங்கிய அமெரிக்க மிசன், தன் விடுதிப் பள்ளிகளில் உண்டு உறைந்து கற்ற மாணவருக்கு, அவர்களுக்குப் பொருளுதவி புரிந்த அமெரிக்கரின் பெயரை இடுவது வழக்கம். பாவலர் சரித்திர தீபகம் இயற்றிய சதாசிவம்பிள்ளை ஆர்னல்ட் ஆனதும், சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் இருவருள் ஒருவரான விசுவநாதபிள்ளை கறல் என்று அறியப்பட்டதும் இவ்வாறே. இவர்கள் புகழ்பெற்றவர்கள், இருபெயரும் ஒருவரே என்பது உலகறிந்தது. புகழ்பெறாத நூற்றுக்கணக்கான மாணவர் மிசன் ஏட்டில் அமெரிக்கப் பெயரோடு நுழைந்து, ஊருக்குத் திரும்பியதும் பழைய பெயருக்குள் மறைந்துபோயினர்.

பெண்களைத் தேடுதல் எங்கும் அரிது என்பர். யாழ்ப்பாணத்தில் அது முற்றும் உண்மையன்று. ஒல்லாந்தத் தேசாதிபதியின் கட்டளைப்படி திசாவையாயிருந்த கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்து, பன்னிரு முதலியார்கள் பார்வையிட்டு ஒப்பிய தேசவழமை 1707 இல் நிறைவுற்றது. அதில் சீதனம், முதுசம், தேடியதேட்டம் என்னும் மூன்றும் வகுத்துக் கூறப்பட்டுள்ளன. தாயின் சீதனம் மகளுக்குச் செல்லும். ஆகவே சீதன உறுதியில் மணப்பெண்ணின் பெயரும், கொடுக்கும் தாய் தந்தையர் பெயரும், காணியின் பெயரும், நான்கு எல்லையிலும் உள்ள அயலவர் பெயரும் காணப்படும். கோவிலில் தாலி கட்டிக் கூறை உடுத்த மணம் எந்தப் பதிவாளரின் ஏட்டிலும் ஏறாதிருக்கலாம். ஆயினும் அந்தக் காணியின் உறுதிகளைப் பின்னோக்கிப் படித்துச் சென்றால் தாய், அவள் தாய், அவளைப் பெற்றவள் என்று பெண்வழியே ஒரு கொடி விரியும். நிலத்தைக் காப்பதற்காக எழுதிய ஏடு குலத்தையும் காத்தது.

ஆங்கிலேயர் காலத்து ஏடுகளைச் சுருக்கமாகச் சொல்லலாம். 1847 ஆம் ஆண்டின் கட்டளைச்சட்டம் விவாகப்பதிவை ஒழுங்குசெய்தது. 1867 ஆம் ஆண்டின் கட்டளைச்சட்டம் பிறப்பு இறப்புப் பதிவை ஒழுங்குசெய்தது. இன்றும் நடைமுறையிலுள்ள பொது விவாகப்பதிவுச் சட்டம் 1907 இல் வந்தது. வழக்கப்படி நடந்த மணத்தைப் பதியவில்லை என்பதற்காக அது செல்லாது என்று சட்டம் சொல்லவில்லை. ஆதலின் பதியாதோர் பலர். குடிசன மதிப்போ 1871 மார்ச் 27 ஆந் தேதி முதல் பத்தாண்டுக்கொருமுறை கிரமமாக எடுக்கப்பட்டது. 1901 இல் அதனை நடத்தி, இன்றும் கற்றோர் வியந்து படிக்கும் அறிக்கையை எழுதியவர் பொன்னம்பலம் அருணாசலம். ஆனால் முன்னோரைத் தேடுபவன் அவ்வறிக்கையைத் திறந்து ஏமாறுவான். இங்கிலாந்திலே 1841 முதலாக வீடுவீடாக நிரப்பிய பத்திரங்கள் பேணப்பட்டு, நூறாண்டு கழிந்ததும் மக்கள் பார்வைக்கு வருகின்றன. அங்கே ஒருவன் தன் பூட்டனைப் பெயரோடும் வயதோடும் காணலாம். நம் நாட்டில் அச்சேறிய குடிசன மதிப்பு அறிக்கைகளில் உள்ளவை தொகைகளே. ஊர்ப்பெயர் உண்டு, தொழில் உண்டு, சமயம் உண்டு. ஆளின் பெயர் இல்லை.

இவையெல்லாம் ஓரிடத்தில் வேரூன்றி, காணியும் கோவிலும் பள்ளியும் உடையவர்களைப் பற்றியவை. இவை ஒன்றும் இல்லாதவர் நிலை யாது? கோப்பிப் பயிர் தொடங்கிய காலமுதல் தென்னிந்தியாவினின்றும் வந்து, மன்னாரில் இறங்கி, காடு கடந்து மாத்தளை வரை நடந்து மலைநாட்டை அடைந்த தமிழருக்குக் காணி இல்லை. ஆதலின் உறுதி இல்லை. ஒல்லாந்தர் போய்விட்டனர், ஆதலின் தோம்பு இல்லை. அவர்களை எழுதிய ஏடு தோட்டத்துச் செக்ரோல். பெரட்டுக்களத்தில் நின்றவர் யார், வராதவர் யார், எவருக்கு எத்தனை நாட் பேர் விழுந்தது என்பதே அதன் கவலை. எந்தக் கங்காணியின் ஆள் என்று அது எழுதும். எவர் மகன் என்பதில் அதற்கு அக்கறை இல்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒவ்வோர் ஆளுக்கும் தோட்டத்தின் குறியும் இலக்கமும் பொறித்த தகரத் துண்டு ஒன்று வழங்கப்பட்டது. கழுத்தில் தொங்கிய அத்தகரத்தில் இலக்கம் இருந்தது, பெயர் இல்லை.

பிள்ளை பிறந்தால் தோட்ட நிருவாகம் அறிவிக்கும் வழக்கம் பின்னர் ஏற்பட்டது. பெயரிடுவதற்கு முன்னரே பதிந்த பிறப்புகள் பல. ஏட்டிலே ஒரு பெயரும், வீட்டிலே ஒரு பெயரும், செக்ரோலிலே எழுதுவினைஞரின் காதில் விழுந்தபடி மூன்றாவதொரு பெயரும் வழங்கின. இராமசாமிகளும் முனியாண்டிகளும் மலிந்த தோட்டத்தில் எந்த இராமசாமியின் மகன் இவன் என்பதை நிறுவுதல் எங்ஙனம்?

1911 ஆம் ஆண்டின் குடிசன மதிப்பு இலங்கைத் தமிழர் வேறு, இந்தியத் தமிழர் வேறு என்று முதன்முறையாகப் பிரித்தெழுதியது. முன்னவர் 528,024; பின்னவர் 530,983. பிறந்த இடம் பற்றிய அட்டவணைகளும் அறிக்கைகளில் வந்தன. ஆகவே அத்தமிழருள் எத்தனை பேர் இந்நாட்டிற் பிறந்தோர் என்பது அரசாங்கத்துக்குத் தெரிந்த செய்தியே. எவரெவர் பிறந்தோர் என்பதைக் கூற அத்தொகைகளால் இயலவில்லை. சட்டம் கேட்டதோ தொகையையன்று, ஆளை.

1949 இல் இந்திய பாகிஸ்தானிய வதிவோர் பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. அது பூட்டனை விட்டு வதிவைக் கேட்டது. 1946 சனவரி 1 ஆந் தேதிக்கு முன் மணமாகாதவர் பத்தாண்டும் மணமானவர் ஏழாண்டும் இடையறாது இங்கே வதிந்திருத்தல் வேண்டும். ஆக, பத்தா ஏழா என்பதே ஒருவன் மணமானவனா என்பதைப் பொறுத்தது. தோட்டத்து மாரியம்மன் கோவிலில் மஞ்சட் கயிறு கட்டிய மணத்துக்கு லயத்து அயலவர் சாட்சி உண்டு. பதிவேட்டுச் சாட்சி பெரும்பாலும் இல்லை. மனைவியும் இங்கேயே வதிந்திருத்தல் வேண்டும். பிள்ளைப்பேற்றுக்காக ஊருக்குப் போன மனைவி பன்னிரண்டு மாதத்துக்கு மேல் அங்கே தங்கிவிட்டால் அந்த வதிவு அறுந்துபோகும்.

விண்ணப்பிப்பதற்கு 1951 ஓகஸ்ட் 5 வரை தவணை கொடுக்கப்பட்டது. இலங்கை இந்தியக் காங்கிரஸ் முதலிலே விண்ணப்பியாது விலகிநின்றமையால் கடைசி மாதங்களிலேயே அவை குவிந்தன. எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோருக்காக விண்ணப்பிக்கப்பட்டது. உரிமை பெற்றோர் ஏறத்தாழ 1,34,000 பேர். மறுக்கப்பட்டோர் எல்லாரும் ஏடு இல்லாமையால் மட்டுமே மறுக்கப்பட்டனர் என்று கூறுதல் பொருந்தாது. அரசியல் நோக்கமும் அங்கே தொழிற்பட்டது. எனினும் அந்நோக்கத்துக்கு ஏட்டின் இன்மை எவ்வளவு வாய்ப்பான கருவியாயிற்று என்பதை மறத்தலும் பொருந்தாது. வடக்கிலும் தெற்கிலும் இருந்த எத்தனையோ பேரும் தம் பூட்டன் பிறந்த ஊருக்குச் சான்று காட்டியிருக்கமாட்டார்கள். அவர்களை எவரும் கேட்கவில்லை.

அச்சட்டத்தின் சுவடு எல்லார் வீட்டிலும் படிந்தது. இந்நாட்டில் நெடுங்காலம் வழங்கிய பிறப்புப் பத்திரத்திலே, பாட்டனார் இலங்கையிற் பிறந்தவராயின் அவருடைய பெயர், பிறந்த ஆண்டு, பிறந்த இடம் என்று ஒரு கட்டமும், தந்தை இங்கே பிறவாதவராயின் பூட்டனாரைப் பற்றிக் கேட்கும் வேறொரு கட்டமும் இருந்தன. பெரும்பாலோர் அவற்றை ஏன் என்று கேளாமலே நிரப்பினர், அல்லது கோடிட்டு விட்டனர். இன்று குடும்ப வரலாறு தேடுவோருக்கு அக்கட்டங்களே பெருந்துணையாய் உள்ளன. மூன்று தலைமுறை ஒரே தாளில் வேறெங்கே கிடைக்கும்?

1964 ஒக்டோபர் 30 ஆந் தேதி சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்த உடன்படிக்கை 9,75,000 பேரைத் தொகையாக எடுத்துக்கொண்டு, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேர் 1974 இல் இருபாதியாகப் பிரிக்கப்பட்டனர். 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம் அந்த ஒக்டோபர் 30 முதல் இங்கே வதிந்துவந்தோருக்கும் அவர்தம் வழித்தோன்றல்களுக்கும் பிரசாவுரிமை அளித்தது. அதன்பின் பூட்டனின் பிறந்த ஊரைக் காட்டவேண்டிய தேவை அவர்களுக்கு இல்லாமற் போயிற்று.

கப்பலேறிச் சென்றோருக்கோ தேடல் திசைமாறியது. தலைமன்னாரிலிருந்து கடல்கடந்து மண்டபம் முகாமை அடைந்த குடும்பங்களுக்கு அங்கே குடும்ப அட்டை வழங்கப்பட்டது. அவர்களிற் பலர் நீலகிரியிலே, இத்தகையோருக்கென அரசாங்கம் வளர்த்த தேயிலைத் தோட்டங்களிற் குடியமர்ந்தனர். அங்கே பிறந்த பேரப்பிள்ளைகள் பாட்டனின் பிறப்பைத் தேடினால், தஞ்சைக்கோ திருச்சிக்கோ போய்ப் பயனில்லை. அட்டன், பதுளை, நுவரெலியாப் பகுதிப் பதிவாளர் கந்தோர்களுக்கே எழுதிக் கேட்டல் வேண்டும். அவ்வாறு கேட்பவர் தோட்டத்தின் பெயர், அதன் பிரிவு, பாட்டனை அழைத்துவந்த கங்காணியின் பெயர், வீட்டிலும் செக்ரோலிலும் வழங்கிய பெயர்கள் அனைத்தையும் முன்னரே சேகரித்துக்கொள்வது நன்று.