வெளிநாட்டு வேலை அனுபவத்தைக் கனடா எப்படி எண்ணுகிறது?

கட்டாரில் ஆறு வருடம் ஒரு கட்டட நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை செய்தேன். அந்த அனுபவத்தை வைத்துத்தான் கனடாவில் நிரந்தர வதிவிட உரிமைக்கு விண்ணப்பித்தேன். முதல் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. ஆங்கிலப் புள்ளியிலோ பட்டத்திலோ காட்ட வேண்டிய பணத்திலோ குறை இருக்கவில்லை. நான் என்ன வேலை செய்தேன் என்பதை என் அனுபவக் கடிதம் சொல்லவில்லை, அவ்வளவுதான். கட்டார், டுபாய், சவூதியில் இருந்து விண்ணப்பிக்கும் எங்கள் ஆட்கள் பலர் இதே இடத்தில் இடறுவதால் இதை எழுதுகிறேன்.

கனடா 2015 ஜனவரியில் எக்ஸ்பிரஸ் என்ட்ரி முறையைத் தொடங்கியது. அதில் கனடாவுக்கு வெளியே செய்த வேலையை மட்டும் வைத்து விண்ணப்பிக்கக் கூடிய பிரதான வழி, மத்திய அரசின் திறன்சார் தொழிலாளர் திட்டம். கனேடிய அனுபவ வகுப்பு என்ற இன்னொன்றும் இருக்கிறது. அதற்குக் கனடாவிலேயே ஒரு வருடம் வேலை செய்திருக்க வேண்டும். முதல் திட்டத்துக்கு, கடந்த 10 வருடங்களுக்குள் ஒரே தொழிலில் இடைவெளி இல்லாமல் ஒரு வருடம் சம்பளத்துக்கு வேலை செய்திருக்க வேண்டும். கிழமைக்கு 30 மணித்தியாலம் என்று வைத்தால் 1,560 மணித்தியாலம். வளைகுடாவில் கிழமைக்கு 60 மணித்தியாலம் முறிகிறவர்கள், ஆறு மாதத்தில் இந்தக் கணக்கு முடிந்துவிட்டது என்று நினைக்கிறார்கள். 30க்கு மேற்பட்ட மணித்தியாலங்களை அவர்கள் எண்ணுவதே இல்லை. சம்பளம் இல்லாத பயிற்சிக்காலமும் சேராது.

இதோடு கல்வி, மொழி, வயது எல்லாம் சேர்த்து 100க்கு 67 புள்ளி வேண்டும். அனுபவத்துக்கு ஒரு வருடம் என்றால் 9, ஆறு வருடமும் அதற்கு மேலும் என்றால் 15.

எந்த வேலை திறன்சார் வேலை என்பதைப் பதவிப் பெயர் தீர்மானிப்பதில்லை. கனடாவின் தொழில் வகைப்பாட்டில் ஒவ்வொரு தொழிலுக்கும் ஐந்து இலக்கக் குறியீடு உண்டு. அதன் இரண்டாவது இலக்கம் 0 முதல் 3 வரை இருந்தால் தகுதி. 4 அல்லது 5 என்றால் இல்லை. என் தொழிலையே பாருங்கள்: கணக்காளர் 11100, கணக்குப் பதிவாளர் 12200, கணக்கு எழுதுவினைஞர் 14200. மூன்று பேரையும் எங்கள் அலுவலகத்தில் 'அக்கவுண்டன்ட்' என்றுதான் கூப்பிட்டார்கள். முதல் இருவரும் தகுதி பெறுவார்கள், மூன்றாமவர் பெறமாட்டார். மின்னிணைப்பாளருக்கும் அவருக்கு உதவியாளாக நிற்பவருக்கும் இதே கதைதான்.

ஆகவே அதிகாரி தேடுவது கடமைகளை. எனக்கு நிர்வாகப் பிரிவு தந்த கடிதம் இரண்டு வரி: இன்னார், இன்ன திகதி முதல் இன்ன திகதி வரை, அக்கவுண்டன்ட். இது எந்தக் குறியீட்டுக்கும் பொருந்தும், எதையும் நிரூபிக்காது. மேலதிக விளக்கம் கேட்டு எழுதுவார்கள் என்று நம்பியிருந்தேன். கேட்கவில்லை.

கடிதம் நிறுவனத்தின் தலைப்புத் தாளில் இருக்க வேண்டும். பதவி, வேலை செய்த திகதிகள், கிழமைக்கு எத்தனை மணித்தியாலம், வருடச் சம்பளமும் சலுகைகளும், செய்த கடமைகள், கையொப்பமிட்டவரின் பெயரும் பதவியும், தொடர்பு விபரம் எல்லாம் அதில் வரவேண்டும். ஒரே நிறுவனத்தில் இரண்டு பதவி வகித்திருந்தால் இரண்டையும் தனித்தனியே எழுத வேண்டும். இரண்டாவது தடவை, என் மேலாளராக இருந்த மலையாளி ஒருவரைப் பிடித்தேன். நான் செய்தவற்றை நானே எழுதிக் கொடுத்தேன். அவர் இரண்டு இடத்தில் திருத்திக் கையொப்பமிட்டார். வகைப்பாட்டில் உள்ள வசனங்களை அப்படியே பிரதி பண்ணாதீர்கள். வாசிப்பவருக்கு அது உடனே தெரியும்.

வளைகுடாவுக்கே உரிய சிக்கல் ஒன்றும் உண்டு. விசாவிலும் அடையாள அட்டையிலும் ஒரு தொழில், செய்வது வேறு தொழில். என் அட்டையில் வேறு தொழில்தான் இருந்தது. அதை மறைக்காமல் ஒரு விளக்கக் கடிதம் எழுதி, ஒப்பந்தம், சம்பளச் சீட்டுகள், சம்பளம் விழுந்த வங்கிக் கணக்கு விபரம் ஆகியவற்றை இணைத்தேன். இவற்றை நாட்டை விட்டு வெளிக்கிட முதலே எடுத்துக்கொள்ளுங்கள். கணக்கு மூடிய பிறகு வங்கியிடம் ஒரு தாள் வாங்குவது பெரும் பாடு.

67 எடுத்தவுடன் அழைப்பு வந்துவிடாது. அதன் பிறகு தரவரிசைப் புள்ளி வேறு இருக்கிறது. அங்கே வெளிநாட்டு அனுபவத்துக்குத் தனியாகப் புள்ளியே இல்லை. மொழியோடோ கனேடிய அனுபவத்தோடோ சேர்ந்தால்தான் வரும். மூன்று வருட அனுபவமும் ஐ.ஈ.எல்.டி.எஸ். பொதுப் பிரிவில் நான்கிலும் 6ம் எடுத்தால் அந்தச் சேர்க்கைக்கு 25 புள்ளி. கேட்டலில் 8, மற்றவை 7 என்றால் 50. மூன்று வருடத்துக்கு மேல் பத்து வருடம் இருந்தாலும் அதே 50தான். வயதுப் புள்ளியோ 30இல் இருந்து வருடா வருடம் ஐந்து, ஆறு என்று கரைகிறது. எனவே நாலாவது வருட ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பதைவிட ஆங்கிலப் பரீட்சையைத் திரும்ப எழுதுவது கெட்டித்தனம். அண்மைய வருடங்களில் அழைப்புகள் பெரும்பாலும் கனேடிய அனுபவம் உள்ளவர்களுக்கும், மாகாண நியமனம் பெற்றவர்களுக்கும், பிரெஞ்சு தெரிந்தவர்களுக்கும், சுகாதாரம் போன்ற சில தொழில்களுக்கும் போகின்றன. 2025 மார்ச்சில் வேலை வாய்ப்புக் கடிதத்துக்கான மேலதிகப் புள்ளியையும் நீக்கிவிட்டார்கள். 'வேலைக் கடிதம் எடுத்துத் தாறன், புள்ளி கூடும்' என்று இன்னும் காசு கேட்கும் முகவர்களுக்கு இது தெரியாமல் இருக்காது.

கடிதமே செய்து தருவோம் என்பவர்களும் இருக்கிறார்கள். பொய்த் தகவல் பிடிபட்டால் ஐந்து வருடத் தடை.

அழைப்பு வந்தால் 60 நாட்கள்தான். ஆறு மாதம் தொடர்ந்து வாழ்ந்த ஒவ்வொரு நாட்டிலிருந்தும் பொலிஸ் சான்றிதழ் கேட்பார்கள். நாட்டை விட்டுப் போக முதலே எடுத்து வைத்தால் பிறகு உதவாத தாள் இது: அந்த நாட்டில் கடைசியாக வாழ்ந்த காலத்துக்குப் பிறகு வழங்கப்பட்டதாக இருக்க வேண்டும். கட்டாரை விட்டுப் போக முதல் நான் எடுத்து வைத்திருந்தது பயன்படவில்லை. யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு மறுபடி விண்ணப்பித்தேன். அது கைக்கு வந்தபோது 60இல் ஒன்பது நாள் மிச்சம் இருந்தது.